ஆவுடை வீட்டு வெயில்

ஆனி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, மேற்கே மலை முழுக்கச் சாரல் இறங்கி, செங்கரைப்பட்டியில் நாய்கூட அடுப்படிச் சாம்பலைத் தேடிப் படுத்துக் கிடந்த காலை ஏழேகால் மணிக்கு, ஆவுடையின் வீடு வெயிலை மறைப்பதை விட்டுவிட்டது. கூரை இருந்த இடத்தில்தான் இருந்தது. காங்கிரீட்டுக் கூரை, போன வருஷம் பூசியது. ஃபேன் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, மழை ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. வெயில் மட்டும் மேகத்தைத் தாண்டி, கூரையைத் தாண்டி, கிழக்குச் சுவரையும் தாண்டி, நடுவில் ஒன்றுமே இல்லாதது போல உள்ளே வந்து, கோரைப்பாயில் மூன்று மாதப் பாப்பா படுத்திருந்த இடத்தில் விழுந்தது.

ஆவுடை பாப்பாவை நகர்த்திப் போட்டாள். வெயிலும் நகர்ந்தது. கட்டிலுக்கு அடியில் போட்டாள்; கட்டிலைத் தாண்டி விழுந்தது. குடையை விரித்தாள், தார்ப்பாயைக் கட்டினாள், கல்யாணப் பட்டுச்சேலையை நாலாக மடித்துத் தொட்டிலுக்கு மேல் போட்டாள். சேலையில் இருந்த சரிகை மினுங்கியதே தவிர அதற்குக் கீழே நிழல் என்று ஒரு பொட்டு இல்லை. கடைசியில் பாப்பா வீறிட்டு அழ, வாரி எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு குனிந்தாள். அப்போதுதான் அவளுடைய முகத்தின் நிழல் பாப்பாவின் முகத்தில் விழுந்தது. அழுகை நின்றது. ஆவுடை அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, இரண்டு நாளாகக் காயாமல் வாடை அடித்துக்கொண்டிருந்த பாப்பாவின் துணிகளைக் காலாலேயே இழுத்து வெயிலில் பரப்பிவிட்டாள், வந்ததை எதற்கு வீணாக்க வேண்டும் என்று.

எட்டரைக்குப் பால் சொசைட்டியிலிருந்து சுயம்பு வந்தான். நனைந்த சட்டையோடு வாசலில் நின்று கண்ணைச் சுருக்கினான்.

"என்னட்டி, பட்டப்பகல்ல லைட்டப் போட்டு வச்சிருக்க?"

"லைட்டா? மேல பாருங்க அத்தான்."

மேலே பார்த்தான். முகம் பால் திரிந்தது போல ஆயிற்று. காலில் இருந்த செருப்பைக் கழற்றாமலே திரும்பி, பைக்கை எடுத்துக்கொண்டு போனான். ஒரு மணி நேரம் கழித்து வந்து, கால் கழுவாமல் தரையில் உட்கார்ந்தவனைப் பார்த்ததும் ஆவுடைக்கும் விளங்கிவிட்டது.

"செத்துப்போச்சா?"

"மூணும். புளியங்கோது மாதிரி காஞ்சு கெடக்கு."

சுயம்பு சொசைட்டியில் பால் அளப்பவன். காலையில் எட்டு மணிவரைக்கும் சாயங்காலம் மூன்று மணிக்கு மேலும்தான் வேலை. நடுவில் கிடக்கும் பகலை மற்ற ஆண்கள் சீட்டுக்கும் தூக்கத்துக்கும் கொடுத்தபோது அவன் குருவிகளுக்குக் கொடுத்தான். டவுனில் கல்யாண வீடியோ எடுத்தவர் தொழிலை விட்டபோது அவரிடமிருந்து வந்த கேமராவும், முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸும்தான் அவன் சொத்து. ஓடையோரம், கண்மாய்க்கரை, கரட்டடி என்று முள்ளில் படுத்து உருண்டு எடுத்து வருவதை, குருவிப் படம் எடுக்கிறவர்கள் குரூப்பில் போடுவான். மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் முகம் தெரியாத ஆட்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். அன்றைக்கு அவன் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். ஆனாலும் ஒரு படத்துக்குக்கூட நூறு விரல் விழுந்ததில்லை.

வைகாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆவுடையையும் பாப்பாவையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஓடைக்குப் போனான், ஒரு அதிசயம் காட்டுகிறேன் என்று. மஞ்சணத்தி மரத்தின் தாழ்ந்த கிளையில் விசிறிவால் குருவியின் கூடு இருந்தது. எலுமிச்சம்பழத்தை இரண்டாக நறுக்கிச் சதையை எடுத்தால் மிஞ்சும் மூடி அளவுதான். நூலாம்படையால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது. உள்ளே மூன்று குஞ்சு. இறக்கை இன்னும் முள்முள்ளாகத்தான் முளைத்திருந்தது. தாய்க்குருவி வாலை விரிப்பதும் மடக்குவதுமாகப் பக்கத்துக் கிளையில் பதறிக்கொண்டிருந்தது.

"ரெண்டு எல மறைக்குதே அத்தான்," என்று சொன்னது ஆவுடைதான். துணிப்பையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து நீட்டியதும் அவள்தான். ஒரு தோளில் பாப்பா, மறுகையில் கிளை என்று தாழ்த்திப் பிடித்துக்கொண்டதும் அவள்தான். இரண்டு இலையை வெட்டியதும் மூன்றாவது இலை மறைத்தது. அதை வெட்டியதும் மேல்கிளையின் நிழல் குஞ்சுகளின் மேல் கோடுகோடாக விழுந்தது. அந்தக் கிளையையும் சுயம்பு வெட்டியபோது கூடு, கல்யாண மேடையில் பெண்ணை உட்கார்த்தியது போல, முழு வெளிச்சத்தில் எடுப்பாக வந்து நின்றது. மூன்று குஞ்சும் கழுத்தை நீட்டி வாயைப் பிளந்தன. "ஏ அய்யா, நம்ம பாப்பா பாலுக்கு அழுத மாதிரியே இருக்கு," என்று ஆவுடை சிரித்தாள். படத்துக்கு ஆயிரத்து நானூறு விரல். ஒரே ஒருவர் மட்டும், "மறைவே இல்லாத இடத்திலா கூடு கட்டியது?" என்று கேட்டிருந்தார். "காத்துல எல உதிர்ந்திருக்கும் சார்," என்று சுயம்பு எழுதினான்.

அந்த வாரம், மூன்று நாள் வெயில் அடித்து ஓய்ந்த பிறகுதான் சாரல் வந்தது.

சுயம்பு மறுபடியும் ஓடைக்குப் போய், வெட்டிப்போட்ட கிளைகளைப் பொறுக்கிப் பச்சை நூலால் மரத்தோடு சேர்த்துக் கட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. ஆவுடை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அம்மை வீட்டுக்குப் பஸ் ஏறினாள். பஸ்ஸின் கூரை வெயிலை விட்டது. கண்டக்டர் நிமிர்ந்து ஒருதரம் பார்த்து, "பிள்ளைக்கு வெயில் அடிக்குது பாரும்மா, அந்தப் பக்கம் உக்காரு," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு டிக்கெட் கிழித்தார். அந்தப் பக்கமும் அடித்தது. அம்மை வீட்டில், ஓட்டுக்கூரைக்குக் கீழே, நெல் மூட்டைகளுக்கு நடுவில் கிடத்தியபோதும் அடித்தது. வீட்டின் மேல் குற்றமில்லை, பிள்ளைக்குத்தான் மறைப்பு அற்றுப்போயிற்று என்று தெரிந்துகொண்டு மறுநாளே திரும்பி வந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், தன் மேசையில் விழுந்த வெயிலில் கண்கூச எழுதிக்கொண்டே, "பச்சைப்பிள்ளைத் தோல், இன்னொரு தடவை இப்படிக் கருகினா தாங்காது. வெயில்ல மட்டும் போடாதீங்க," என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்தார்.

ஊர் வந்து பார்த்தது. சும்மா பார்த்துவிட்டுப் போகிற ஊர் இல்லை அது. ஆளுக்கு ஆள் பாப்பாவின் மேல் குனிந்து நின்றும் பார்த்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். அவர் குனிந்து நின்றபோது வெயில் அவருடைய துண்டு, சட்டை, உடம்பு எல்லாவற்றையும் கண்ணாடி டம்ளரைத் தாண்டுவது போலத் தாண்டிப் பாப்பாவின் மேல் விழுந்தது. "ஊருக்குள்ள நமக்கு மதிப்பு இவ்வளவுதானா," என்று அவர் துண்டை உதறிக்கொண்டு வெளியேறினார். நர்சம்மா நின்றாள், கோயில் பூசாரி நின்றார், ஆவுடையின் சொந்த அம்மையே வந்து நின்றாள். நிழல் விழுந்தது இரண்டு பேருக்குத்தான், பெற்றவளுக்கும் பெற்றவனுக்கும். அதன்படியே ஏற்பாடாயிற்று. சுயம்பு சொசைட்டியில் ஒரு மாதம் லீவு சொன்னான். காலையில் சூரியன் கிளம்பியதிலிருந்து உச்சிவரைக்கும் அவன் நிற்பது, உச்சியிலிருந்து மலைக்குள் இறங்குகிறவரைக்கும் அவள் நிற்பது. காலையில் சுவர்ப்பக்கமாக நின்று, போகப்போகக் குனிந்து, உச்சியில் மாடு கன்றின் மேல் நிற்பது போலக் கையையும் காலையும் ஊன்றி நிற்க வேண்டும்.

ஊர் அதைப் பழகிக்கொள்ள மூன்று நாள் ஆயிற்று. நான்காம் நாள் அடுத்த வீட்டுக் கோமு மதினி ஒரு சுளகில் கூழ்வடகத்தோடு வந்தாள்.

"ஏளா ஆவுட, தப்பா நெனைக்காத. பிழிஞ்சு ரெண்டு நாளாச்சு, பூசணம் புடிக்குது. இந்த ஓரமா வச்சுக்கிடட்டா?"

"வைங்க மதினி. வெயிலு எனக்கு என்ன, எங்க ஐயா வீட்டுச் சொத்தா?"

வடகத்துக்குப் பின்னால் மிளகாய் வத்தல் வந்தது, அதற்குப் பின்னால் பள்ளிக்கூட யூனிபாரம் வந்தது, நனைந்துபோன ரேஷன் கார்டும் தலையணையும் ஒரு கல்யாண ஆல்பமும் வந்தன, சாரலில் நமத்துப்போய் அனுப்ப முடியாமல் கிடந்த பீடிகளைத் தட்டுத்தட்டாகத் தூக்கிக்கொண்டு பீடி சுற்றுகிற பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். பீடியைப் பிள்ளைக்கு எட்டாக்கையில் வையுங்கள் என்று மட்டும் ஆவுடை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். திங்களன்று மேலத்தெரு, செவ்வாயன்று கீழத்தெரு என்று அவர்களுக்குள்ளேயே முறை வைத்துக்கொண்டார்கள். சும்மா வரவில்லை. ஒருத்தி சோறாக்கிக் கொடுத்தாள், ஒருத்தி பாத்திரம் கழுவினாள், ஒருத்தி ஆவுடைக்கு இடுப்பில் எண்ணெய் போட்டு நீவிவிட்டாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே வெயிலில் உட்கார்ந்து, தலையுலர்த்தி, பேன் பார்த்து, ஊர்க்கதை பேசினார்கள். அந்த வருஷம் செங்கரைப்பட்டியில் ஒரு வீட்டிலும் வடகம் பூசணம் பிடிக்கவில்லை.

ஒருநாள் ஆவுடை, மலைக்கோயிலுக்குப் போய் முடியிறக்கி வேண்டிக்கொள்ளலாம் என்று இருப்பதாகச் சொன்னாள்.

"போகணும்ளா, கண்டிப்பாப் போகணும்," என்றாள் கோமு மதினி, மிளகாயைப் புரட்டிக்கொண்டே. "சாரல் கழியட்டும். இந்த மழையில ஏறுனா வழுக்கும்லா."

எல்லாரும் ஆமாம் என்றார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மழையில் வழுக்கத்தான் செய்யும்.

மனிதர்களுக்குப் பின்னால் மற்றவை வந்தன. முதலில் ஒரு மைனா ஜன்னல் வழியாக வந்து டிவிமேல் உட்கார்ந்து, நனைந்த இறக்கையைப் பிரித்துக் காயவிட்டது. மறுநாள் இரண்டு அணில், ஒரு கரிச்சான், வால் நனைந்து விளக்குமாறாகிப்போன ஒரு செம்போத்து. அப்புறம் கணக்கில்லை. மீன்கொத்தி கிரைண்டர்மேல் உட்கார்ந்தது, பச்சைப்புறா சாமி படத்து ஆணியில் உட்கார்ந்தது, வண்ணத்துப்பூச்சிகள் காய்கிற யூனிபாரத்தில் வரிசையாக ஒட்டிக்கொண்டன, கீரி ஒன்று தன் குட்டிகளோடு வந்து பீடித்தட்டுக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்தது. பெண்கள் வடகத்தைக் கொத்தாமல் ஓட்டியதோடு சரி, மற்றபடி இடம் விட்டு உட்கார்ந்தார்கள். நான்கு வருஷமாக எதையெதையெல்லாம் தேடிச் சுயம்பு முள்ளில் உருண்டானோ அதெல்லாம் அவன் வீட்டுக்குள் கை எட்டுகிற தூரத்தில், முழு வெளிச்சத்தில், எந்த இலையின் மறைவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

கேமராவை அவன் முதல்நாளே பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை ஆவுடையிடம் கொடுத்துவிட்டிருந்தான். ஐந்தாறு நாள் கழித்து, லென்ஸில் பூசணம் பிடித்துவிடும், ஒரு தடவை துடைத்து வைக்கிறேன் என்று சாவியைக் கேட்டான். அவள் கொடுத்தாள், திரும்பக் கேட்கவில்லை. அவன் நிற்கும்போது ஆள்காட்டி விரல் தானாக மடங்கி மடங்கி நிமிர்வதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சொல்லிக்காட்டவில்லை. குழந்தையின் மேல் பிசகாமல் நின்றானே, அது போதும் என்று இருந்தாள்.

ஆனி முடிய இரண்டு நாள் இருக்கும்போது இருவாச்சி வந்தது. காலை பத்து மணி. ஆவுடை பின்வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். ரயில் பாலத்தில் ஏறுவது போல ஒரு இரைச்சல் கேட்டு, இவ்வளவு பெரிய காற்றா என்று தலையைத் தூக்கினாள். மலையின் உச்சிக்காட்டை விட்டு இறங்காத பறவை அது. சுயம்பு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை மலையேறி, அதன் இறக்கைச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறான். அது முன்வாசல் வழியாகக் குனிந்து உள்ளே வந்து, ஒரு தாவில் பீரோவின் மேல் ஏறி உட்கார்ந்து, மஞ்சள் கொண்டையை வெயிலுக்குக் காட்டி, கறுப்பும் வெள்ளையுமான இறக்கை இரண்டையும் ஒரு பாய் அகலத்துக்கு விரித்தது. பேன் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சுயம்பு இரண்டு நிமிஷம்தான் எடுத்துக்கொண்டான் என்று எல்லாரும் சொன்னார்கள். கோமு மதினி மட்டும் நான்கு இருக்கும் என்றாள். பீரோவைப் பறவை அசையாமல் திறக்க வேண்டும், லென்ஸை மாட்ட வேண்டும், நான்கு எட்டுப் பின்னால் போனால்தான் அந்த இறக்கை முழுசாக அடங்கும்; அவ்வளவுதான். பெண்களும் அந்தப் பறவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்திகூடப் பாயைப் பார்க்கவில்லை. பாப்பாவின் அழுகை ஆவுடைக்குத்தான் முதலில் கேட்டது, பின்வாசலில், குழாய்த் தண்ணீர் சத்தத்துக்கு நடுவில்.

ஓடிவந்து மேலே விழுந்தாள். பாப்பாவின் நெற்றியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கொப்புளம், வலதுகன்னத்தில் இன்னொன்று. சுயம்பு கேமராவைப் போட்டுவிட்டு, "நகருட்டி, நான் நிக்கேன், நீ களிம்ப எடு," என்று வந்து குனிந்தான். ஆவுடை நகர்ந்தாள். வெயில் அவனுடைய முதுகில் நுழைந்து, நெஞ்சு வழியாக வெளியே வந்து, பாப்பாவின் முகத்தில் விழுந்தது.

அவன் இன்னும் தாழக் குனிந்தான். படுத்தான். உள்ளங்கையைப் பிள்ளையின் கண்ணுக்கு நேராக விரித்தான். விரலின் நிழல்கூட இல்லை.

"ஆவுட," என்றான்.

"தள்ளுங்க அத்தான்," என்றாள் அவள், கோபமில்லாமல், சட்டி காய்கிறது என்று சொல்வது போல. விலகினான். அவள் நின்றாள்.

இருவாச்சி முதுகு காயும்வரை இருந்துவிட்டுப் பறந்து போயிற்று.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில், டாக்டரும் நர்சுகளும் அவளைச் சுற்றிச் சுற்றி வைத்தியம் பார்க்க, பாப்பா பிழைத்தது. அதற்குப் பிறகு காலை ஆறேகாலிலிருந்து சாயங்காலம் ஆறரை வரைக்கும் ஆவுடை ஒருத்திதான். பிள்ளை பால் குடித்ததும் அவள் நிழலில்தான், தூங்கியதும் அவள் நிழலில்தான். அவள் உடம்பு மறைக்கிற அளவுக்குத்தான் பிள்ளைக்கு உலகம் இருந்தது. வெயில் பட்டுப்பட்டு ஆவுடையின் முதுகு கறுத்துத் தோல் உரிந்தது. முன்பு வாய் ஓயாமல் எதையாவது சொல்லிச் சிரிக்கிறவள், இப்போது மூச்சுக்காகப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஊர்ப் பெண்கள் முன்னைவிட அதிகமாகத்தான் செய்தார்கள். ஆளுக்கொரு வேளைச் சோறு, முதுகுக்குச் சோற்றுக்கற்றாழை, பிள்ளைக்குக் கண்மை. பீடித்தட்டுகளும் வந்துகொண்டுதான் இருந்தன.

"ஏளா ஆவுட," என்று ஒருநாள் ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள், "கொஞ்சம் அந்தாண்ட தள்ளி நிக்க முடியுமா? உன் நெழல் என் தட்டுல விழுது."

"தட்டத் தள்ளி வைங்க மதினி. எனக்கு இந்த ஒரு நெழல்தான் இருக்கு."

அந்தப் பெண் தட்டைத் தள்ளி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் காய்ந்தபிறகுதான் எடுத்துக்கொண்டு போனாள்.

சுயம்பு லீவை முடித்து வேலைக்குப் போனான். பால் அளந்தான், வந்தான். குருவிகள் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் அவற்றைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நடந்தான். ஆவுடை கையையும் காலையும் ஊன்றி நிற்கும்போது அவள் வாய்க்கு நேராக உட்கார்ந்து, சோற்றை உருட்டி உருட்டி ஊட்டினான். தண்ணீர் கொடுத்தான், வாயைத் துடைத்துவிட்டான். அவனால் இனிச் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அதை ஒருநாளும் தவறவிடவில்லை. ஆடி பாதி கழிந்தது. சாரல் வெறித்தது, ஊர் முழுக்க வெயில் வந்துவிட்டது. வடகக்காரிகளும் பீடிக்காரிகளும் அவரவர் வாசலிலேயே காயப்போட்டுக்கொண்டார்கள். பறவைகள் வருவதும் நின்றது. வீட்டுக்குள் மூன்று பேர்தான்.

அப்படி ஒரு உச்சிப்பொழுதில், பாப்பா கீழே கிடந்து தாயின் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருக்க, கடைசி உருண்டையை மென்று விழுங்கிவிட்டு, ஆவுடை கேட்டாள்:

"அத்தான், அந்தக் குருவிக் குஞ்சு முட்டையிலருந்து வந்து எத்தனை நாள்ல பறக்கும்?"

அவன் கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பதினாலு நாள். மிஞ்சிப்போனா பதினஞ்சு."

"நாம போனப்ப எத்தனை நாள் இருக்கும்?"

"இறக்கையில முள்ளு முளைச்சிருந்துச்சுல்ல. பத்து இருக்கும்."

"நாலு நாள்," என்றாள் ஆவுடை.

அவன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் வாயைத் துடைத்துவிட்டான். பாப்பா தாலிக்கயிற்றை விட்டுவிட்டு, குப்புற விழப் பழகும் பிள்ளை செய்வது போல ஒரு தோளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒருதரம், இரண்டுதரம், மூன்றாம் தரம் புரண்டே விட்டது, பாயின் ஓரத்துக்கு, நிழலை விட்டு வெளியே. ஆவுடை கையை எடுத்து வைத்து, முழங்காலை எடுத்து வைத்து, பிள்ளைக்கு மேலாக நகர்ந்துகொண்டாள்.